தகடு வெட்டினவள்

அக்கா பாவசங்கீர்த்தனம் செய்தால் கோயிலில் இருக்கும் பாதிப் பேருக்குக் கேட்கும். சனிக்கிழமை சாயங்காலம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் நாங்கள் வரிசையாக முழங்காலிட்டிருப்போம். தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார், இந்தப் பக்கம் அக்கா. "மேஸ்திரிய மனசுக்குள்ள நாயேன்னு திட்டினேன் சாமி. அப்புறம் வாய் விட்டும் திட்டினேன்." உள்ளேயிருந்து சாமியார், "மெதுவா, மெதுவா" என்பார். "ஏன் சாமி மெதுவா? நான் செஞ்சதத்தான சொல்றேன்? அடுத்தவ செஞ்சதயா சொல்றேன்?" என்று இன்னும் கொஞ்சம் குரலை ஏற்றுவாள். ஒருமுறை நான் அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டு, அதையும் என் பாவங்களோடு சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அவள் எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒரு மண்சுவர். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஒரே மகளை ரெட்டியார்பாளையத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். மில்லில் சிப்பம் கட்டும் கொட்டகையில் எனக்கும் அவளுக்கும் ஒரே இடத்தில் வேலை. ஆப்பிரிக்காவுக்குப் போகிற நீலத்துணியை அமுக்கிச் சிப்பமாகக் கட்டித் தருவார்கள். நான் அதற்குச் சாக்குப் போர்வை போட்டுக் கோணி ஊசியால் தைப்பேன். தைத்து முடித்ததும் அக்கா வந்து மார்க்கா போடுவாள்.

மார்க்கா போடுவது என்றால் இதுதான். எழுத்துகளை ஓட்டையாக வெட்டிய தகரத் தகட்டைச் சிப்பத்தின் மேல் வைத்து, கரியும் எண்ணெயும் குழைத்த மையைக் கட்டைப் பிரஷ்ஷால் குத்த வேண்டும். தகட்டை எடுத்தால் கம்பெனிப் பெயரும் ஊர்ப் பெயரும் கறுகறுவென்று நிற்கும். புதிதாக வந்த பெண்கள் பிரஷ்ஷைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி இழுப்பார்கள். மை தகட்டுக்கு அடியில் புகுந்து எழுத்து ஊறிவிடும். "தேய்க்காத! குத்து! மாமியார நெனச்சிக்கிட்டுக் குத்து!" என்று கொட்டகையே அதிரக் கத்துவாள். எனக்கு மாமியார் இல்லை. நான் மேஸ்திரியை நினைத்துக்கொண்டு ஊசியைக் குத்துவேன்.

கம்பெனித் தகடுகள் கப்பலில் வந்தவை. தேய்ந்தால் வேறு வர மாதக்கணக்காகும். அதனால் மண்ணெண்ணெய் டின்னை அறுத்து, தட்டி நிமிர்த்தி, அக்காவே தகடு வெட்ட ஆரம்பித்தாள். புளியங்கட்டையின் மேல் தகரத்தை வைத்துச் சிற்றுளியால் வெட்டுவாள். பிரெஞ்சு எழுத்து, தமிழ் எழுத்து இரண்டும் வெட்டுவாள். தமிழில்தான் தொல்லை அதிகம் என்பாள். சுழி உள்ள எழுத்தை அப்படியே வெட்டினால் சுழிக்கு நடுவில் இருக்கும் துண்டு கழன்று கீழே விழுந்துவிடும். அது விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு சின்னத் தகரப் பாலம் விட வேண்டும். மூன்று சுழி 'ண' என்றால் மூன்று பாலம். எல்லோரும் அதை நேராக விடுவார்கள். அக்கா சாய்த்து விடுவாள். நேராக விட்டால் பிரஷ் குத்துகிற குத்தில் நாலு நாளில் ஒடிந்துபோகிறது என்பது அவள் கண்டுபிடிப்பு. அவள் தகட்டால் போட்ட எழுத்து எதுவானாலும், அதன் சுழிக்குள் ஒரு சாய்ந்த கோடு வெள்ளையாக விழுந்திருக்கும்.

எழுத்தும் அழகான எழுத்து என்று சொல்ல முடியாது. தடித்தடியாக இருக்கும். மெல்லிய கோடு போட்டால் சணல் நெசவு அதை விழுங்கிவிடும். தடியான எழுத்தாக இருந்தாலும் சாக்கின் பள்ளங்களில் மை ஏறாது. அதனால் எல்லா எழுத்தும் அங்கங்கே பிய்ந்து, ஓரமெல்லாம் அரித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் கப்பலுக்குச் சரக்கு ஏற்றுகிற கடல்பாலத்தின் இந்தக் கோடியில் சிப்பம் கிடந்தால் அந்தக் கோடியிலிருந்து படிக்கலாம். "பக்கத்துல வந்து பாத்துக் கொஞ்சறதுக்கா போடறேன்? தூரத்துல தெரியணும், அவ்வளவுதான்" என்பாள்.

இந்தப் பொம்பளையிடம் ஒரு குணம் இருந்தது. அவள் செய்தது எதுவானாலும் அவள் பெயரில்தான் நிற்க வேண்டும். நல்லதென்றாலும் சரி, கெட்டதென்றாலும் சரி. ஒருநாள் துறைமுகத்திலிருந்து ஒரு சிப்பம் திரும்பி வந்தது. மார்க்கா தலைகீழாக இருக்கிறது என்று அங்கே எடுக்கவில்லையாம். மேஸ்திரி நேராகப் புதுப் பெண் ஒருத்தியின் மேல் பாய்ந்தார். அவளோ பயத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அக்கா தன் இடத்திலிருந்து, "அவள ஏன் மெரட்டறீங்க? அது என் வேலை" என்றாள்.

"நீ இப்பிடிச் செய்ய மாட்டியே" என்றார் மேஸ்திரி.

"செஞ்சிருக்கறேன் இல்ல? அன்னிக்குப் பல்லு வலி. தகட்ட மாத்தி வச்சிட்டேன். சுழியப் பாருங்க, சாய்ஞ்சிருக்குதா? வேற எவ சாய்ப்பா?"

அதற்காக அவளை ஒரு வாரம் வெளியே நிறுத்தினார்கள். அந்த வாரம் முழுவதும் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களிடமெல்லாம் "தலைகீழா வச்சிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வெட்கமென்பது அவள் பக்கமே வந்ததில்லை.

இன்னொரு தடவை வெள்ளைக்கார துரை ஒருவர் கொட்டகையைச் சுற்றிப் பார்க்க வந்தார். மார்க்காவைத் தொட்டுப் பார்த்து, மேஸ்திரியின் தோளைத் தட்டி ஏதோ பாராட்டினார். மேஸ்திரியும் "மெர்சி முசே, மெர்சி முசே" என்று குழைந்தார். பின்னாலிருந்து அக்கா, "தொர! அது நான்!" என்றாள். துரைக்கு விளங்கவில்லை. பிரஷ்ஷை எடுத்து மையில் தோய்த்து, அவர் எதிரிலேயே ஒரு சிப்பத்தில் குத்திக் காட்டிவிட்டுத் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். துரை தொப்பியைக் கழற்றிச் சிரித்தார். மேஸ்திரி அதற்குப் பிறகு வெகுநாள் அவளை முறைத்துக்கொண்டே திரிந்தார்.

என் வீட்டுக்காரருக்கும் அவளுக்கும் ஆகாமல் போனதற்கும் அந்த எழுத்துதான் காரணம். அவர் அதே மில்லில் நூல் நூற்கும் பகுதியில் வேலை பார்த்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் நாக்கில் எலும்பு கிடையாது. யாரைப் பார்த்தாலும் கேலி. மாதா திருநாளுக்குத் தேர்ச்சீலையில் 'மாதாவே வாழ்க' என்று அக்கா ஆசையாகத் தகடு வெட்டி மார்க்கா போட்டிருந்தாள். இவர் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டு, "ஏங்க்கா, மாதாவயும் சிப்பம் கட்டி ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப் போறியா? எழுத்து மாடு மேஞ்ச மாதிரி இருக்குதே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள்.

பேச்சு நின்றாலும் பேச வேண்டியது நிற்குமா? எல்லாம் என் வழியாக நடந்தது. அவர் எதிரிலேயே நிற்பார். அவள் என்னைப் பார்த்து, "உம் புருசன்கிட்ட சொல்லு, அவன் கோழி எங்கூட்டு மொளகாயக் கொத்துது" என்பாள். அவரும் என்னைப் பார்த்து, "அக்காகிட்ட சொல்லு, கோழிக்கு மார்க்கா போட்டு அனுப்பறேன்" என்பார். நடுவில் நான் ஒருத்தி. இரண்டு பேரையும் ஒன்றாகக் கட்டிச் சாக்கில் வைத்துத் தைத்துவிடலாமா என்று இருக்கும் எனக்கு.

முப்பதுகளில் ஒரு வருஷம் மில்லில் வேலைநிறுத்தம் வந்தது. விடிவதற்கு முன்னால் சங்கு ஊதினால் உள்ளே போய், பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே வருவோம். என் பிள்ளையை நான் வெளிச்சத்தில் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். எட்டு மணி நேரத்துக்கு மேல் முடியாது என்று எல்லோருமாகச் சேர்ந்து வெளியே வந்து நின்றோம். என் வீட்டுக்காரரும் சங்கத்தில் முன்னால் நின்றார். எந்த அச்சுக்கூடமும் எங்கள் நோட்டீஸை அடித்துக் கொடுக்கத் துணியவில்லை. பையன்கள் பிரஷ்ஷும் மையும் எடுத்துக்கொண்டு சுவரில் எழுதப் போனார்கள். ஒவ்வோர் எழுத்தாக இழுத்து எழுதி முடிப்பதற்குள் பொலீஸ்காரன் விசில் ஊதிவிடுவான். ஊர்ச் சுவர்களில் 'எட்டு ம' என்று பாதியில் நின்ற எழுத்துகள் பல்லைக் காட்டின. பார்க்கிறவர்கள் சிரித்தார்கள்.

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஒரு குத்துல முழுசா விழணும். தூரத்துலேருந்து தெரியணும்" என்றார். பிறகு மண்சுவரைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது.

"நீயே போயி கேளு" என்றேன்.

"எங்கிட்டதான் அக்கா பேசறதில்லியே. நீ போம்மா, நல்லா இருப்பே."

போனேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "யாரு கேக்கறது?" என்றாள். சங்கம் என்றேன். "சங்கத்துல யாரு?" என்று விடவில்லை. அவர்தான் என்று சொல்ல வேண்டியதாயிற்று. கீரைத் தண்டைப் படக்கென்று ஒடித்தாள். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியாக, "உம் புருசன்கிட்ட சொல்லு, மாடு மேய வருதாம்னு!" என்றாள். அன்றைக்கே உட்கார்ந்து 'எட்டு மணி' என்று தகடு வெட்டினாள். 'எ'வின் சுழிக்கும் 'ணி'யின் மூன்று சுழிக்கும் பாலம் சாய்ந்துதான் இருந்தது. அவள் கைக்கு அதுதான் வரும். யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

புதுச்சேரியில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊரே அடங்கிவிடும். துரைமார் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குவார்கள். கடைக்காரன் பலகையைச் சாத்துவான். பொலீஸ்காரனும் நிழல் பார்த்து உட்கார்ந்து கண்ணயர்வான். அந்த வெயிலில்தான் எங்கள் ஆட்கள் போனார்கள். ஒருவன் தகட்டைப் பிடிப்பான், ஒருவன் குத்துவான், மூச்சு விடுவதற்குள் அடுத்த சுவர். தூங்கி எழுந்து ஜன்னலைத் திறந்தால் எதிர்ச்சுவரில் 'எட்டு மணி'. உப்புக் காற்றில் சுண்ணாம்பு உப்பி உதிர்ந்த சுவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். அவற்றில் எழுத்தும் பிய்ந்து பிய்ந்துதான் விழுந்தது. அது இன்னும் நன்றாக இருந்தது. கஷ்டப்பட்டவன் குரல் கம்மிப் பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. பெரிய மார்க்கெட்டில் மீன்காரிகள் அந்தச் சுவருக்குக் கீழே கூடையை வைத்து, "எட்டு மணிகிட்ட வா, நல்ல வஞ்சிரம் இருக்குது" என்று கூவ ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்த மார்க்கெட் பக்கத்தில்தான் என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். கூட வந்தவன் தப்பிவிட்டான். இவர் சட்டைக்குள் தகட்டைச் செருகிக்கொண்டு ஓடியிருக்கிறார். வெயிலில் காய்ந்த தகரம் நெஞ்சைச் சுட, ஓட முடியாமல் நின்றிருக்கிறார். தகடு, மைக்குவளை, பிரஷ் எல்லாவற்றோடும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

சுவரில் குத்தினதற்கு மட்டும் என்றால் சில நாள் உள்ளே வைத்துவிட்டு விட்டிருப்பார்கள். ஆனால் பொலீஸ் அதிகாரி கொமிசேர் துரைக்கு வேறு எண்ணம். தகடு செய்தவன் எவனோ அவன்தான் இதற்கெல்லாம் தலை. அவன் ஒருவனைப் பிடித்து வருஷக்கணக்கில் உள்ளே போட்டால் எல்லாம் அடங்கிவிடும். "யார் வெட்டினது, சொல். சொல்லாவிட்டால் நீ வெட்டினதாகவே எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவோம்" என்று இவரைக் கேட்டார்களாம். ஊரில் எல்லாரையும் பற்றி ஓயாமல் பேசுகிற மனுஷன், அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இதைக் காவலுக்கு நின்ற நம்ம ஊர் ஆள் ஒருவன் எனக்கு வந்து சொன்னான். மறுநாள் சாயங்காலம் அப்படி எழுதி அனுப்பிவிடப் போகிறார்கள் என்றும் சொன்னான்.

இரவெல்லாம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். என்ன கேட்பது? அவருக்குப் பதில் நீ போ என்றா? அழுகைதான் வந்தது. அவளே கேட்டாள்.

"இன்னாடி? இன்னா சொல்றாங்க?"

"அவருதான் தகடு வெட்டினார்னு எழுதப் போறாங்களாம்க்கா."

கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். முகம் சிவந்துவிட்டது. "அவனா? அவனா வெட்டினான்? ஒரு கோழிக்கூண்டுக்குக் கதவு அடிக்கத் தெரியாதவன்! என் தகட்ட அவன் பேருல எழுதுவாங்களா? நல்லா இருக்குதே நியாயம்!"

சிற்றுளி, சுத்தியல், புளியங்கட்டை, ஒரு துண்டுத் தகரம் எல்லாவற்றையும் கூடையில் போட்டாள். "அக்கா, உன்ன உள்ள வச்சிடுவாங்க" என்றேன். என் வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்ற சந்தோஷமும், இவளைப் பிடித்து நிறுத்த வேண்டும் என்ற தவிப்பும் ஒன்றாக வந்து என்னைப் போட்டுப் பிசைந்தன. "வைக்கட்டும். நான் செஞ்சதுக்கு என்னத்தான வைக்கணும்?" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

கொமிசேர் துரை கடல்காற்றுக்காகப் பொலீஸ் ஸ்டேஷன் தாழ்வாரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். மேசை மேல் எங்கள் தகடும் மைக்குவளையும் பிரஷ்ஷும் இருந்தன. பக்கத்தில் தமிழைப் பிரெஞ்சில் சொல்லும் குமாஸ்தா. மனு கொடுக்க வந்தவர்கள் படியில் குந்தியிருந்தார்கள். அக்கா நேராகப் போய், "அந்தத் தகட்ட வெட்டினவ நான்" என்றாள்.

குமாஸ்தா சிரித்துவிட்டார். "போம்மா, போம்மா. தொர கோவத்துல இருக்கறாரு."

"அவர் கோவத்துல இருந்தா எனக்கின்னா? நான் சொன்னத அப்பிடியே அவருகிட்ட சொல்லு."

அவர் சொன்னார். துரையும் சிரித்தார். ஒரு பொம்பளை, அதுவும் சாக்கு மார்க்கா போடுகிறவள், இதைச் செய்திருப்பாள் என்று அவர்களால் நம்பவே முடியவில்லை. குமாஸ்தா என்னைச் சுட்டிக்காட்டி, "புருசனக் காப்பாத்த இவ உன்னக் கூட்டியாந்தாளா?" என்றார்.

"இவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தாலும் வந்திருப்பேன். கேக்காததால சீக்கிரமா வந்தேன்."

அதற்கு மேல் பேசவில்லை. அங்கேயே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கட்டையை வைத்தாள், தகரத்தை வைத்தாள், உளியை எடுத்தாள். டங் டங் என்று தாழ்வாரம் முழுக்க எதிரொலித்தது. காவலுக்கு நின்ற சொல்தாக்கள் எட்டிப் பார்த்தார்கள். படியில் இருந்தவர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். குமாஸ்தா தடுக்கப் போனார். துரை கையைக் காட்டி நிறுத்தினார். அவருக்கும் பார்க்க வேண்டும் போலிருந்தது. 'ணி' வெட்டினாள். மூன்று சுழி, மூன்று பாலம், மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்து. பிசிரைத் தேய்த்து ஊதிவிட்டு எழுந்து, துரை கையில் கொடுத்தாள்.

துரை மேசை மேல் இருந்த தகட்டை எடுத்தார். இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தார். சுழிகள் ஒன்றோடொன்று பொருந்தி நின்றன. சிரிப்பு போய்விட்டது. குமாஸ்தாவிடம் ஏதோ கேட்டார்.

"யார் சொல்லி வெட்டினேன்னு தொர கேக்கறாரு."

"ஏன், எனக்குத் தலை இல்லியா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. அந்த ஆள்தான சொன்னான்? அவன் பேரச் சொல்லிட்டா உனக்குக் கொறச்சலாப் போவும்."

"கேட்டது ஊரு. வெட்டினது நான். அவன் சொன்னான் இவன் சொன்னான்னு வெட்டல. எனக்கும் எட்டு மணி வேணும். எங்கண்ணு போவுது, முதுகு போவுது. எம்மக புள்ள பெத்துப் படுத்திருந்தப்போ பகல்ல போயி அந்தப் புள்ள மூஞ்சிய பாக்க முடியல. அதுக்காக வெட்டினேன். எழுதிக்க."

குமாஸ்தா இதைப் பிரெஞ்சில் சொன்னபோது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. துரை பெரிய தகட்டை மேசை மேல் வைத்துவிட்டுப் புதியதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தகரத்தில் ஒன்றாக இருக்கிறது, சுவரில் விழுந்ததும் இதுதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்ற மாதிரி ஏதோ முணுமுணுத்தார். குமாஸ்தா அதைத் தமிழில் சொல்லி வாய் மூடவில்லை. அக்கா மேசை மேல் இருந்த பெரிய தகட்டை எடுத்தாள். இடது கையால் தாழ்வாரச் சுவரில் அழுத்தினாள். பிரஷ்ஷைக் குவளையில் தோய்த்து, உதறி, குத்தினாள். குத்தக் குத்த வெள்ளைச் சுவர் அதிர்ந்தது. தகட்டை எடுத்தாள். துரையின் தலைக்கு மேலே, தெருவைப் பார்த்தபடி, 'எட்டு மணி'.

"இதோ அத்தாட்சி" என்றாள்.

தெருவில் போன வண்டி நின்றது. படியில் இருந்த கிழவர் ஒருவர் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். யாரோ கைதட்டினார்கள், அதைப் பார்த்து இன்னும் சிலர் தட்டினார்கள். மாதாவே, இவளைத் துண்டு துண்டாக வெட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். துரை நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து கத்தினார். இரண்டு சொல்தாக்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். "இருப்பா, பேர் எழுத வேணாமா?" என்று அவர்களை நிறுத்திவிட்டு, குமாஸ்தாவிடம் ஞானஸ்நானப் பெயர், கூப்பிடும் பெயர், அப்பன் பெயர் எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். எழுதினதைத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயரைத் தானே சொல்வதுதான் அவளுக்குப் பிடிக்கும். வேறு யாராவது சொன்னால் முறைப்பாள்.

பொழுது சாய்வதற்குள் என் வீட்டுக்காரரை வெளியே விட்டார்கள். சுவரில் குத்தினதற்கு இருந்த நாளே போதும் என்று விட்டுவிட்டார்கள். நெஞ்சில் தகட்டின் ஓரம் சுட்ட கோடு கறுப்பாக இருந்தது. இவர் வெளியே வர, அவள் உள்ளே போக, நடையில் இருவரும் எதிரெதிரே நின்றார்களாம். இவர் "அக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவள் நேராக அவரைப் பார்த்து, "வூட்டுக்குப் போ. புள்ள ராத்திரியெல்லாம் தூங்கல" என்று சொல்லியிருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு இவர் எங்கள் வீட்டு நடையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தாழ்வாரச் சுவரில் சுண்ணாம்பு அடித்தார்கள். எண்ணெய் மை சுண்ணாம்புக்கு அடங்குமா? காய்ந்ததும் மஞ்சளாகக் கசிந்து மறுபடி தெரிந்தது. மறுபடி அடித்தார்கள். அக்கா உள்ளே இருந்த நாளெல்லாம், அவளுக்குச் சோறு கொண்டு போகும்போது அதைப் பார்த்துக்கொண்டே போவேன். ஊரே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு அந்தத் தெரு வழியாகப் போய் வந்தது.

கடைசியில் மில் இறங்கி வந்தது. எட்டு மணி நேரம் என்று ஒப்புக்கொண்டார்கள். உள்ளே இருந்தவர்களை விட்டார்கள். வேலைக்கும் எல்லோரையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அக்காவுக்கு மட்டும் ஒரு நிபந்தனை. பிறர் தூண்டுதலால் அறியாமல் செய்துவிட்டேன் என்று அவள் எல்லார் எதிரிலும் சொல்ல வேண்டும். சொன்னால் பழைய இடம். மேஸ்திரியே வந்து வாசலில் நின்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். என் வீட்டுக்காரரும் கெஞ்சினார். "நான்தான் தூண்டினேன்னு சொல்லுக்கா. எனக்கு ஒண்ணும் கொறஞ்சி போவாது."

"எனக்குக் கொறஞ்சி போவும்" என்றாள்.

அன்று சாயங்காலம் மில்லுக்கு எதிர்த் திடலில் கூட்டம். ஜெயித்த கூட்டம், இடமே இல்லை. ஓரத்தில் பொலீஸ்காரர்கள் நின்றார்கள், மேஸ்திரியும் நின்றார். பெண்கள் பக்கம் நானும் அக்காவும் உட்கார்ந்திருந்தோம். வாயை மூடிக்கொண்டிருந்தால் நாளைக்கு எப்படியாவது அவளையும் மில்லுக்குள் நுழைத்துவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை. மேடையில் சங்கத்துக்காரர் ஒருவர் உருகி உருகிப் பேசினார். "இந்தச் சுவரெல்லாம் பேசியதே தோழர்களே, அந்த எழுத்துக்குச் சொந்தக்காரர் யார்? முகமில்லாத, பேரில்லாத ஏதோ ஒரு தொழிலாளியின் கை! அந்தக் கை..."

அக்கா எழ ஆரம்பித்தாள். நான் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "உக்காருக்கா. மேஸ்திரி பாக்கறாரு. வேலை போயிடும்க்கா."

"சேலைய விடுடி" என்றாள்.

விட்டுவிட்டேன். கூட்டத்துக்கு நடுவில் நிமிர்ந்து நின்றாள். பாவசங்கீர்த்தனத்தில் பேசுகிற அதே குரல்.

"முகமில்லாம இன்னா? இதோ இருக்குது, எல்லாரும் பாத்துக்குங்க. ஏதோ ஒரு கை இல்ல. வெட்டினவ நான்!"

தன் பெயரைச் சொன்னாள். மேஸ்திரி நின்ற பக்கம் திரும்பி இன்னொரு தடவை சொன்னாள். பிறகு உட்கார்ந்து, என் மடியிலிருந்த பிள்ளையை வாங்கித் தன் மடியில் போட்டுக்கொண்டாள். "புள்ள எங்கிட்ட இருக்கட்டும். நாளைக்கு எத்தினி மணிக்கு வருவே?" என்று என்னிடம் கேட்டாள்.

"அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்க்கா" என்றேன்.

"வெளிச்சம் இருக்கும்" என்றாள்.